முதல் எட்டு எழுத்து

போசாதாஸ்
2016 மார்ச் 6

அன்புள்ள ஒராசியோ,

வயிற்றுப்புண் ஆறியதா? காப்பியை விட்டுவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை. எனக்கு ரத்த அழுத்தம் மாத்திரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. வெயில்தான் இன்னும் இறங்கவில்லை. மத்தியானத்தில் ஆற்றின் பக்கம் பார்த்தால் அக்கரை பராகுவே ஆவியில் மிதக்கிறது.

இந்தப் பெண்கள் வீட்டுக்கு நான் வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தொலைபேசி எண்ணைக் கொடு, முகவரியைக் கொடு என்று நீ சண்டை போடுவதை ஒருவழியாக நிறுத்திவிட்டாய், அதற்கு நன்றி. அடித்தவன் தேடி வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வீடே இருக்கிறது. கூடப் பிறந்தவனுக்கும் அஞ்சல் பெட்டி எண்தான்.

ஜனவரியில் ரோசௌரா என்று ஒருத்தி வந்தாள். கழுத்தெலும்பு முறிந்து, முன்பல் உடைந்து, கையில் ஒன்பது வயது மகள் யானினாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புருஷன் கார்தோசோவுக்கு மர லாரிகள் ஓடுகின்றன. ஒரு மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் நான் சிபா ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து ஒரு துளி எடுத்து வாயில் போட்டாள். "இதுல உப்பே இல்ல. யாரு பிசைஞ்சது?" என்றாள். "நான்தான்" என்றேன். "தெரியுது" என்றாள். அவள் இந்த வீட்டில் பேசிய முதல் பேச்சு அது. அன்றிலிருந்து அடுப்படி அவளுடையது.

இன்னொரு செய்தி. எங்களைப் போன்ற நான்கு வீடுகளுக்கும் சேர்த்துக் கூட்டமைப்பு ஒரு கணினிப் பதிவேடு போட்டிருக்கிறது. யார் வந்தார்கள், எந்தத் தேதியில் நீதிமன்றம், எந்த மணிக்கு மருத்துவர், எல்லாம் இனி அதில்தான். பொருத்த வந்த ஆள், "பழைய மெஷின்தான் தோன்யா நெலி, ஆனா உள்ள கல்லு மாதிரி" என்றார். திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. நடுவில் உன் பெயர் ஓடியது. ஒராசியோ லெஸ்கானோ. "நிறுத்துங்க, அது என் தம்பி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இவரா? இவரு எழுதுனது இல்லாம ஒரு மெஷினும் பாஸ்வேர்டு கேக்காது" என்றார்.

பதினோரு வருஷமாக ராத்திரியும் ஞாயிறும் அதில்தான் கிடக்கிறாய். என்ன செய்கிறாய் என்று எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நீளமான கடவுச்சொல்லாக வைக்கச் சொன்னார்கள். நான் இருபத்தாறு எழுத்தில் வைத்திருக்கிறேன்.

சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
நெலிதா


பாயியா பிளாங்கா
2016 மார்ச் 20

அன்புள்ள நெலி,

உன் கடிதம் வெயில் வாசத்தோடு வந்தது. இங்கே காற்று. துறைமுகத்துக் கோதுமைத் தூசியும் மணலும் சேர்ந்து பல்லில் அரைபடுகிறது. வயிறு பரவாயில்லை. காப்பி பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை விசாரிக்காதே.

புரிகிற மாதிரி சொல்கிறேன். எங்களுடையது புத்தகம் இல்லாத நூலகம். எல்லா நிரல்களுக்கும் தேவைப்படுகிற சின்னச் சின்ன வேலைகளைச் செய்து வைத்திருக்கிற கிடங்கு அது. மற்ற நிரல்கள் வந்து எடுத்துக்கொள்ளும். சம்பளம் கிடையாது. அதில் என் பொறுப்பு கடவுச்சொல்லை அரைப்பது.

நீ வைத்த இருபத்தாறு எழுத்தைக் கணினி அப்படியே எழுதி வைப்பதில்லை. அரைத்து மாவாக்கி, மாவைத்தான் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை நீ தட்டுவதையும் அரைத்து, மாவும் மாவும் ஒன்றா என்று பார்க்கும். மாவிலிருந்து மணியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆளுக்கு ஆள் ஒரு சிட்டிகை வேறு வேறு உப்பும் சேர்ப்போம். அப்போதுதான் ஒரே சொல்லை இரண்டு பேர் வைத்திருந்தாலும் மாவு வேறாக இருக்கும். உன் ரோசௌராவுக்கு இது உடனே புரியும்.

ஆனால் மாவைத் திருடியவன் சும்மா இருக்க மாட்டான். ஊரில் உள்ள சொல்லையெல்லாம் ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிட்டுப் பார்ப்பான். பழைய அரைவை வேகமானது, அவன் ஒரு நொடியில் கோடி சொல் அரைத்துவிடுவான். அதனால் நான் மெதுவாக அரைக்கிற, நிறைய இடத்தைத் தின்கிற புது அரைவையை எழுதுகிறேன். உனக்கு அரை நொடி தாமதம், திருடனுக்கு ஆயுள் போய்விடும். வேகத்தைக் குறைக்க இரண்டு வருஷமாக உழைக்கிறேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். "அதுக்கு ஏன் மெனக்கெடுற? உன்னை உள்ள உக்கார வெச்சாலே போதுமே" என்றார்கள்.

வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. உன் மாத்திரையைத் தவறவிடாதே.

பாசத்துடன்
ஒராசியோ


போசாதாஸ்
2016 ஏப்ரல் 9

அன்புள்ள ஒராசியோ,

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதத்தை அடுப்படியில் சத்தமாகப் படித்தேன். ரோசௌரா உப்பு விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உங்க தம்பிக்காவது தெரிஞ்சிருக்கு" என்றாள்.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் தும்மல் வந்தது. பாதி கூடத் தட்டவில்லை, கை தவறி அழுத்திவிட்டேன். திறந்துகொண்டது. மறுபடி வேண்டுமென்றே பாதி தட்டிப் பார்த்தேன். திறந்தது. பின்னால் கண்டதையும் சேர்த்துத் தட்டினேன். அப்போதும் திறந்தது. பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று சிரித்தார்கள். ரோசௌரா, "உங்க மூஞ்சியப் பாத்தே தொறக்குது தோன்யா நெலி. எங்க வீட்டுக் கதவும் அப்படித்தான், அவன் ஒதச்சா தானா தொறந்துக்கும்" என்றாள். அதற்கும் சிரித்தோம். இந்த வீட்டில் எதற்குச் சிரிப்பது என்று ஒரு வரைமுறை கிடையாது.

இது சரிதானா, இல்லை ஏதாவது பழுதா? கணினி ஆளைக் கேட்டால் "சில மெஷின் அப்படித்தான்" என்கிறார். நீ சொன்னால் அவர் கேட்பார்.

ரோசௌராவுக்கு மே மாதம் பல் கட்ட நேரம் வாங்கியிருக்கிறோம். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள், பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

உன் பதிலை எதிர்பார்க்கும்
நெலிதா


பாயியா பிளாங்கா
2016 மே 16

அன்புள்ள நெலி,

இவ்வளவு தாமதமாக எழுதுவதற்குக் கோபிக்காதே. வயிறு மறுபடி படுத்திவிட்டது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வேறு. உடம்பு எப்படி இருக்கிறது உனக்கு?

நீ கேட்டது பழுதுதான். உங்கள் பதிவேடு மிகப் பழைய அரைவையைப் பயன்படுத்துகிறது. அது முதல் எட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிந்துவிடும், சொல்லவும் சொல்லாது. முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் செய்தது. பழைய நிரல்கள் நின்றுவிடக் கூடாது என்று அதை நூலகத்தில் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

கூட இருக்கும் தாளைக் கணினி ஆளிடம் கொடு. மாற்ற வேண்டிய வரியைக் கோடிட்டிருக்கிறேன். மாற்றியதும் நான்கு வீட்டிலும் எல்லாரும் புதுக் கடவுச்சொல் வைக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. அந்த மாவுக் கோப்பு திருடு போனால்தான் ஆபத்து. அதற்கு உள்ளே கை வைக்கிற ஆள் வேண்டும். ஆனாலும் இந்த வாரமே செய்யச் சொல்.

வேறு விசேஷம் இல்லை. குளிர் தொடங்கிவிட்டது.

பாசத்துடன்
ஒராசியோ


போசாதாஸ்
2016 ஜூன் 5

ஒராசியோ,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

ரோசௌரா இறந்துவிட்டாள். மே 19, வியாழக்கிழமை. பல் மருத்துவரிடம் காலை பத்தரைக்கு நேரம். துணைக்கு நான்தான் போனேன். நாங்கள் உள்ளே நுழைந்தபோது வரவேற்பறையில் ஒரு ஆள் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பதிவு செய்கிற பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் தாள் மடிகிற சத்தம் கேட்டது. "பல்லு கட்ட வந்தியா, ரோசா?" என்றான். அமைதியாகத்தான் கேட்டான். நான் திரும்பியபோது அவள் என் பையைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறவள் மாதிரி சரிந்துகொண்டிருந்தாள். அவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். போலீஸ் வரும் வரை அங்கேயே இருந்தான்.

நேரமும் இடமும் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. கணினி ஆளின் பட்டறையில் கார்தோசோவின் அக்காள் மகன் வேலை செய்கிறான். அந்த மாவுக் கோப்பை அவன்தான் நகலெடுத்துப் போனான். மொத்தம் நாற்பது பேருடைய மாவு அதில் இருந்தது. முதலில் உடைந்தது என்னுடையது. ஒரு மத்தியானம் கூட ஆகவில்லையாம். மே 2ஆம் தேதியிலிருந்து என் பெயரில் பதினான்கு தடவை உள்ளே போயிருக்கிறான்.

உன் கடிதமும் அந்தத் தாளும் 24ஆம் தேதி பெட்டியில் கிடந்தன. அடக்கம் 21ஆம் தேதி.

யானினாவைப் பெரியம்மா எவுசேபியா வந்து அக்கரைக்கு, என்கார்னாசியோனுக்குக் கூட்டிப் போய்விட்டாள். 

நெலிதா


பாயியா பிளாங்கா
2016 ஜூன் 21

என் அன்பு நெலி,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. நீ தூங்குகிறாயா? மாத்திரை சாப்பிடுகிறாயா? அதை முதலில் எழுது.

இதில் உன் தவறு ஒன்றுமில்லை. இதை நூறு தடவை எழுதச் சொன்னாலும் எழுதுவேன். கத்தியை எடுத்தவன் அவன். கோப்பைத் திருடியவன் அவன் மருமகன். சரியாகப் பொருத்தாதவன் அந்தக் கணினி ஆள். நீ செய்ததெல்லாம் அவளைப் பல் மருத்துவரிடம் கூட்டிப் போனது.

புது அரைவையை முடித்துவிட்டேன். அலுவலகம் விட்டு வந்து உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. ஆகஸ்டில் வெளியாகும். பழைய எட்டெழுத்து அரைவையை அதோடு எடுத்துவிடுகிறோம். இனி எந்த வீட்டுக்கும் இப்படி நடக்காது. உனக்கு இது ஆறுதலாக இருக்காது என்று தெரியும். எனக்குச் செய்யத் தெரிந்தது இது ஒன்றுதான்.

வந்து உன்னோடு இருக்கட்டுமா? ஒரு வார்த்தை சொல்.

உன் தம்பி
ஒராசியோ


போசாதாஸ்
2016 ஜூலை 17

ஒராசியோ,

மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கம் வருவதில்லை. வர வேண்டாம்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். முகவரி உறையில் இருக்கிறது. இனி மறைக்க ஒன்றுமில்லை. தொலைபேசியில் கூப்பிடாதே. பேசினால் நீ அழுவாய், நான் உன்னைச் சமாதானப்படுத்திவிட்டு வைத்துவிடுவேன். எழுது.

கூட்டமைப்பு விசாரணைக்குழு போட்டிருக்கிறது. தலைவி பெனிக்னா என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள். "உங்க அம்மா பேரையா பாஸ்வேர்டா வெச்சீங்க, நெலிதா?" அவர்களிடம் இருக்கிற காகிதத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. மெர்செதெஸ். எண்ணிப் பார், நம் ஸ்பானிய எழுத்தில் எட்டு. "அது ஆரம்பம்தான். அதுக்குப் பின்னாடி அம்மா பொறந்த ஊரு, வருஷம், கல்யாணத் தேதி எல்லாம் இருந்துச்சு" என்றேன். அவர்கள் கூட்டி வந்த நிபுணர் உதட்டைப் பிதுக்கினார். "இந்தக் காலத்துல எந்த சிஸ்டமும் எட்டெழுத்தோட நிறுத்தாதுங்க. இந்த அம்மாவுக்கு ஞாபகம் தப்பியிருக்கும்." தும்மல் கதையைச் சொன்னேன். பார்த்துச் சிரித்த பெண்களெல்லாம் இப்போது வேறு வேறு ஊரில், வேறு வேறு வீட்டில். யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? உன் மே மாதத் தாளைக் காட்டினேன். கையெழுத்தில் எழுதியது, தம்பி எழுதியது, செல்லாது என்றார்கள்.

செப்டம்பர் 9 கடைசி விசாரணை. அதற்குள், அந்த நூலகத்தின் பொறுப்பாளராக, உன் பெயரும் பொறுப்பும் போட்டு, முத்திரை வைத்து எழுது. நான் இருபத்தாறு எழுத்து வைத்திருந்தால் அதில் எட்டைத்தான் அது பார்த்திருக்கும் என்று எழுது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதைப் பற்றி உனக்கு வேறு ஏதாவது தெரியும் என்றால் அதையும் எழுது.

நெலிதா


பாயியா பிளாங்கா
2016 ஆகஸ்ட் 28

அன்புள்ள நெலி,

அறையில் குளிர் தாங்குகிறதா? கம்பளி வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

நீ கேட்டதை நன்றாக யோசித்தேன். நான் எழுதினால் தம்பி அக்காவுக்காக எழுதுகிறான் என்றுதான் சொல்வார்கள். உனக்கே அது பாதகமாக முடியும். வேறொரு நிபுணர் எழுதினால் எடுபடும். புவனோஸ் ஐரெஸில் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். விடுமுறையில் இருக்கிறார். வந்ததும் எழுதுவார் என்று நம்புகிறேன். விசாரணையைச் சில வாரம் தள்ளிவைக்கக் கேட்டுப் பார்.

புது அரைவை வெளியாகிவிட்டது. பல நாட்டிலிருந்தும் பாராட்டி எழுதுகிறார்கள். படிக்க முடியவில்லை.

உடம்பைக் கவனி.

ஒராசியோ


போசாதாஸ்
2016 செப்டம்பர் 18

ஒராசியோ,

விசாரணையைத் தள்ளிவைக்கவில்லை. புவனோஸ் ஐரெஸிலிருந்து எதுவும் வரவில்லை. என் அலட்சியத்தால் நடந்தது என்று எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, என் கையில் ஒரு பிரதி கொடுத்தார்கள். வெளியே வந்தபோது பெனிக்னா பின்னாலேயே வந்து, "தனிப்பட்ட முறையில எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல" என்றாள். ஒன்பது வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவள்.

கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்.

என் அறைக்குப் பக்கத்து அறையில் தெல்மோ என்று ஒரு கணினி வாத்தியார் இருக்கிறார். எட்டெழுத்து என்று ஒன்று உண்டா என்று அவரிடம் கேட்டேன். தேடிப் பார்த்து இதை அச்செடுத்துக் கொடுத்தார். உங்கள் நூலகத்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிற பொதுமடல், 2012 டிசம்பர். கோர்தோபாவிலிருந்து லுத்மிலா என்ற பெண், பழைய அரைவையை இப்போதே எடுத்துவிடலாம், மாற்றத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன், ஏற்றுக்கொண்டால் போதும் என்று கேட்கிறாள். கீழே பதில். தெல்மோ ஆங்கிலத்திலிருந்து வரி வரியாகச் சொன்னார். "இத எடுத்தா எத்தன பழைய மெஷின் படுத்துடும்னு உனக்குத் தெரியுமா? இன்னைக்கு இத வெச்சுக்கிட்டு இருக்கறவன் எல்லாம் அற்பமான விஷயத்தத்தான் பூட்டி வெச்சிருப்பான். எட்டெழுத்தால யாரும் சாகப் போறதில்ல." அதன் கீழே உன் பெயர்.

"இவரு உங்க சொந்தமா?" என்று தெல்மோ கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இந்தத் தாள் என் கைக்கு வந்தது ஜூலை 12. அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதினேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

நெலிதா


பாயியா பிளாங்கா
2016 அக்டோபர் 2

நெலி,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. நேராக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய தாளில் இருப்பது என் எழுத்துதான். அதில் இல்லாததும் ஒன்று இருக்கிறது. பழைய இயந்திரங்கள் நின்றுவிடும் என்று எழுதினேனே, உலகத்து இயந்திரங்களை நினைத்து எழுதவில்லை. எங்கள் துறைமுக வாயிலில் ஆட்களை உள்ளே விடுகிற நிரல் அந்தப் பழைய அரைவையில்தான் ஓடியது. அதை எடுத்தால் முந்நூறு தொழிலாளர்களுக்குப் புதுச் சொல் கொடுத்து, ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். நான் ஒருவன்தான். ஜனவரிக் கோடை விடுமுறைக்குப் பதினைந்து நாள் இருந்தது. கடற்கரையில் அறை எடுத்திருந்தேன். காரணம் அதுதான். லுத்மிலா இன்னொரு தடவை எழுதினாள். கேலியாகப் பதில் சொன்னேன். அவள் அதோடு குழுவிலிருந்து போய்விட்டாள். அந்த மாற்றம் ஒரே ஒரு வரி. விடுமுறையிலிருந்து வந்ததும் செய்யலாம் என்று நினைத்தேன், பிறகு மறந்தே போனேன்.

உன் தும்மல் கடிதம் ஏப்ரல் 18 வந்தது. படித்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கூட்டமைப்பின் எண் யார் கேட்டாலும் கிடைக்கும். கூப்பிட்டு இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் அன்றே மாற்றியிருப்பார்கள். ஆனால் இது ஏன் இன்னும் நூலகத்தில் இருக்கிறது என்று நீ கேட்பாயே என்று நினைத்தேன். நல்லதாக ஒரு பதில் கிடைக்கட்டும் என்று நாலு வாரம் கடிதத்தை மேசையில் வைத்திருந்தேன். கடைசியில் "விட்டுவைத்திருக்கிறார்கள்" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாலு வாரம். வயிற்றுவலியும் வேலைநிறுத்தமும் பொய்.

புவனோஸ் ஐரெஸ் ஆளும் பொய். அப்படி யாரையும் நான் கேட்கவில்லை. விசாரணைக்கு எழுதினால் அந்தப் பொதுமடலை யாராவது தேடுவார்கள் என்று பயந்தேன். நீ என்ன பாடுபடுகிறாய் என்று தெரிந்தும் பயந்தேன்.

நேற்று நான்கு காரியம் செய்தேன். அரசு வழக்கறிஞருக்கு எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதன் பிரதியைப் பெனிக்னாவுக்கு அனுப்பினேன். பொதுமடலில் எல்லாரும் படிக்க எழுதினேன்; பொறுப்பிலிருந்து விலகினேன். லுத்மிலாவைத் தேடிப் பிடித்து, அந்த மாற்றத்தில் அவள் பெயரைப் போட விரும்புவதாக எழுதினேன். இன்று காலை ஒரு வரியில் பதில் வந்தது. "என் பேரு வேண்டாம். எனக்கு இதப் பத்தி எதுவும் எழுதாதீங்க."

நவம்பரில் வழக்கு வருகிறது. சாட்சியாகக் கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டாலும் வருவேன்.

ஒராசியோ


போசாதாஸ்
2016 டிசம்பர் 11

ஒராசியோ,

நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். முப்பது மணி நேரப் பேருந்து உன் வயிற்றை என்ன செய்ததோ.

நீதிமன்றத்தில் உன்னோடு நான் பேசவில்லை.  ஆனால் நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். மருமகன் பக்கத்து வக்கீல் உன்னை வைத்தே அவனைத் தப்பிக்க வைக்கப் பார்த்தார். "அப்போ பூட்டே இல்லன்னு சொல்றீங்க. பூட்டாத வீட்டுக்குள்ள போனது அவ்வளவு பெரிய குத்தமா?" நீ அவசரப்படாமல் பதில் சொன்னாய். "பூட்டு மாதிரி ஒண்ணு தொங்குச்சு. அது பூட்டு இல்லன்னு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். எங்க அக்காவுக்குத் தெரியாது. நான் சொல்லல." அவர் விடவில்லை. "அதை எடுக்க எவ்வளவு நாள் வேலை?" "ஒரு வரி. பத்து நிமிஷம்." அவர் உட்கார்ந்துவிட்டார். 

வெளியே படிக்கட்டில் எவுசேபியா உன்னிடம் வந்து நின்றதைப் பார்த்தேன். அடிப்பாளோ என்று நினைத்தேன். "அத எடுக்கச் சொல்லி மொதல்லயே சொன்னாளே, அந்தப் பொண்ணு, அவ இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டாள். "வேற வேலைக்குப் போயிட்டாங்க" என்றாய். "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்னிடமும் சொல்லவில்லை.

தீர்ப்பு வெள்ளிக்கிழமை வந்தது. கார்தோசோவுக்கு ஆயுள். மருமகனுக்கு ஏழு வருஷம். யானினாவுக்கு இதை யார் சொல்வது என்று எவுசேபியா கேட்டாள். நான் சொல்கிறேன் என்று அக்கரைக்குப் போனேன். கேட்டுவிட்டு, "ஏழு வருஷத்துல எனக்குப் பதினாறு" என்றாள்.  தோளில் முகம் புதைக்க வருவாள் என்று கையை நீட்டினேன். வரவில்லை.

கூட்டமைப்பு தன் முடிவை ரத்து செய்துவிட்டது. அலட்சியம் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். திரும்பி வரச் சொல்லிப் பெனிக்னா கையாலேயே எழுதியிருந்தாள். திரும்பிப் போக அந்த வீடு இல்லை, ஒராசியோ. முகவரி வெளியே தெரிந்த மறுநாளே பெண்களை அனுப்பிவிட்டார்கள். இப்போது அங்கே யாரோ சைக்கிள் கடை வைத்திருக்கிறார்கள். வேறொரு ஊரில் புதிதாக வீடு பார்த்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். ஜனவரியில் அங்கே போகிறேன். பதிவேட்டை வேறு ஒருத்தி பார்த்துக்கொள்வாள்.

நான் உன்னை மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லது. நீ ஒரு வரியை எழுதாமல் விட்டதை ஒருவேளை நான் தாண்டிவிடுவேன். யார்தான் வேலையைத் தள்ளிப்போடவில்லை? ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, என் அலட்சியம்தான் அவளைக் கொன்றது என்று அவர்கள் சொல்ல, நான் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். தெரிந்தும் கம்பளி வேண்டுமா என்று கேட்டாய். அதைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை.

புது வீட்டில் சேர ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரம் என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டு அதை இரண்டு நாள் வெறுமையாக வைத்திருந்தேன். நேற்று உன் பெயரை எழுதினேன். எழுத எனக்கு வேறு பெயர் இல்லை.

புது அஞ்சல் பெட்டி எண் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. எழுது. பதிலை எதிர்பார்த்து எழுதாதே.

நெலிதா